ஆணியில் தொங்கும் சாட்சி

“பாத்தீகளா?”

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிற எவரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். வாங்க, உக்காருங்க எல்லாம் பிறகு. “டர்போ போயிருச்சு அண்ணாச்சி” என்று ஒருவர் வருவார். “பாத்தீகளா?” என்பார் இவர். “நான் எங்க பாத்தேன், சிவகாசி ஷெட்டுல சொன்னாக.” “சொன்னவுக பாத்தாகளா?” வந்தவர் போய் பானெட்டைத் திறப்பார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டுவிடக்கூடும். கூப்பிட்டால் மனிதர் கிளம்பிப் போய்விடுவார். ஒருமுறை அப்படிப் போய் அவர் கண்ட பலன் எனக்குத் தெரியும். அந்தப் பலனைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன்.

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் ஆமத்தூரைத் தாண்டியதும் அவருடைய மெக்கானிக் ஷெட். தகரக் கூரை. பக்கத்தில் ஒரு வேம்பு. பெயர்ப்பலகை கிடையாது, பலகை எழுதினால் அதில் ‘சகலவிதமான’ என்று போட வேண்டும், அது பொய் என்பார். ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லியான உடம்பு, பெரிய காதுகள். கழுத்தில் எப்போதும் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் குழாய் கிடக்கும். வண்டியை ஓடவிட்டு, குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையை இன்ஜின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். அந்த நேரத்தில் பேசினால் கோபம் வரும். “நோயாளி பேசும்போது சொந்தக்காரவுக பேசப்படாது” என்பார்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. “பாக்காமச் சொல்லமாட்டேன். பாத்துட்டுச் சொல்லாம இருக்கமாட்டேன்.” அதன் முதல் பாதிக்காக அவரிடம் ஆட்கள் வந்தார்கள். இரண்டாம் பாதிக்காகப் போனார்கள்.

விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருந்த ஒரு முதலாளி புது டீசல் காரைக் கொண்டுவந்திருந்தார். ஏற்றத்தில் இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை. மதுரையில் பெரிய ஷெட்டில் இன்டேக் மேனிபோல்டு முழுவதையும் மாற்றச் சொல்லிவிட்டார்களாம். வெளிக்காற்றை வாங்கி இன்ஜினின் நான்கு வாய்களுக்கும் பங்கிட்டு ஊட்டுகிற குழாய்த் தொகுதிதான் அது. எங்கேனும் காற்று கசிந்தால் டீசல் சரியாக எரியாது, புகையாகப் போகும். நம்மவர் குழாயைக் காதில் வைத்துப் பத்து நிமிடம் தடவினார். பிறகு திருப்புளியை எடுத்து, குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஒரு கிளிப்பை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

“ஓட்டிப் பாருங்க.”

ஓட்டிவிட்டு வந்த முதலாளியின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். “இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தான் மொதலாளி.”

“யோவ், இது என்ன வண்டின்னு தெரியுமா ஒமக்கு?”

“தெரியும். அதுக்கும் இம்புட்டுத்தான்.”

முதலாளி மதுரைக்கே போய் முழுவதையும் மாற்றிக்கொண்டு வந்தார். அவ்வளவு பெரிய வண்டிக்கு இவ்வளவு சின்ன நோய் என்பதை அவர் கௌரவம் ஏற்கவில்லை. ஆமத்தூர்க்காரருக்கு லாரிதான் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லி, பத்துப் பதினைந்து பேரையாவது திருப்பிவிட்டிருப்பார். இதைச் சொல்லி நாங்கள் அலுவலகத்தில் சிரித்தோம். நாங்கள் அதைவிடப் பெரிய முதலாளிகள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் அப்போது மாவட்டத் தலைநகரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஆலைகளைப் பார்வையிடப் போகும் எங்கள் அதிகாரிக்கு டர்போ வைத்த டீசல் கார் ஒன்று இருந்தது. அதை ஓட்டியவர் செல்லையா. நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், வண்டிக்குள் ஈ நுழைந்தாலும் கதவைத் திறந்து மரியாதையாக வெளியேற்றுகிற மனிதர். அரசு வண்டி பழுதாவதும் பழுது நீங்குவதும் இன்ஜினில் நடப்பதில்லை, கோப்பில் நடப்பவை. மூன்று விலைப்புள்ளிகள், ஒப்பீட்டுப் பட்டியல், அனுமதி ஆணை, கடைசியில் ‘வேலை சரிபார்க்கப்பட்டது, திருப்திகரமானது’ என்ற சான்று. அந்தச் சான்றில் கையெழுத்துப் போடுவது நான். முப்பது ஆண்டு அனுபவத்தில் அதை எங்கள் பேனாவே எழுதிக்கொள்ளும்.

அந்த வருடம் அங்கீகாரம் பெற்ற பணிமனை ஒன்றில் அந்தக் காருக்கு மேனிபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே காற்று கசியாமல் வைக்கிற பேக்கிங்கைப் புதிதாக மாற்றியதாகப் பட்டியல் வந்தது. வேலை முடிந்ததும் போல்டுத் தலையிலிருந்து உடம்புவரை மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுப்பது அந்தப் பணிமனை வழக்கம். வேறு யாராவது திருகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நான் பானெட்டைத் திறக்கச் சொல்லி மஞ்சள் கோடுகளைப் பார்த்தேன். ‘மஞ்சள் குறிகள் இடப்பட்டுள்ளன’ என்று சான்றில் ஒரு வரி கூடுதலாகவே எழுதினேன். என் கண்காணிப்பில் எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டு மாதத்தில் கார் டீசலைக் குடிக்க ஆரம்பித்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் ஓட்டப் பதிவேட்டைப் பார்த்து, ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் இவ்வளவு குறைந்தது ஏன் என்று ஒரு பத்தி எழுதினார்கள். தணிக்கைப் பத்திக்குப் பதில் வேண்டும். பதில் என்றால் ஓர் ஆள் வேண்டும். செல்லையா டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறார் என்று அதிகாரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் விளக்கம் கேட்கும் குறிப்பாணையானது. குறிப்பாணைக்குச் செல்லையா கொடுத்த பதிலில் ‘வண்டி இழுக்கவில்லை ஐயா’ என்ற ஒரு வரிதான் இருந்தது. ‘விளக்கம் ஏற்கத்தக்கதல்ல’ என்று வரைவு எழுதியதும் நான்தான். அதற்கு வேறு வாசகம் எங்களிடம் இல்லை.

அந்த வாரமே, சிவகாசியில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு நானும் செல்லையாவும் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில். ஆமத்தூரை நெருங்கும்போது கார் இருமிற்று, கறுப்பாகப் புகை கக்கிற்று, மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போயிற்று. எதிரே அந்தத் தகரக் கூரை.

“பாத்தீகளா?” என்றார் அவர் என்னிடம்.

“நான் எதைப் பார்ப்பது? ஓட்டுநர் மண்ணெண்ணெய் கலப்பதாக அலுவலகத்தில் ஒரு கருத்து இருக்கிறது.”

“கருத்தைக் கேக்கல சார். டேங்கைத் தொறந்து பாத்தீகளா?”

செல்லையா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மெக்கானிக் டேங்கைத் திறந்து முகர்ந்தார். ஒரு துளியை விரலில் தொட்டுத் தேய்த்தார். “சுத்த டீசலு” என்றார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவை எடுத்துவந்தார். மூடியில் இரண்டு ஓட்டை. ஒன்றில் சைக்கிள் பம்ப் பொருத்தியிருந்தது. மற்றதிலிருந்து ஒரு குழாய் நீண்டது. டப்பாவுக்குள் ஒரு கட்டு ஊதுபத்தியைப் பற்றவைத்துப் போட்டு மூடி, குழாயைக் காரின் காற்று வழியில் செருகி, அடைத்துக் கட்டினார்.

அவர் மனைவி அப்போதுதான் பட்டாசு ஆலையிலிருந்து வந்திருந்தார். கை முழங்கைவரை வெள்ளி மினுங்கும் மருந்துத் தூள். ஊதுபத்தியைக் கண்டதும் இருபதடி தள்ளியே நின்றுகொண்டார். மருந்துபட்ட சேலையோடு நெருப்புப் பக்கம் வரக்கூடாது என்பது அந்தப் பக்கத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“என்னங்க, சர்க்கார் வண்டிக்குப் பூசையா?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“ஆமா, பேய் புடிச்சிருக்காம். நீ போய்க் குளி மொதல்ல.”

“பேயி வண்டியிலயா, ஆபீசுலயா?”

செல்லையா சிரித்துவிட்டு, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மெக்கானிக் பம்பை அடித்தார். நாலாவது அடியில், மேனிபோல்டு இன்ஜினோடு சேரும் இடத்தில், மூன்றாவது வாயின் கீழ் மூலையிலிருந்து புகை நூல் போலக் கிளம்பியது. வாசனைப் புகை. நான் சாமி கும்பிடுகிறவன். ஆனாலும் ஊதுபத்திப் புகையை அவ்வளவு கவனமாக அதற்கு முன் பார்த்ததில்லை.

“பாத்தீகளா சார்?”

“பார்த்தேன்.”

“இந்த மஞ்சக் கோடு ஒண்ணாச்சும் ஒடைஞ்சிருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நான் ஸ்பேனர் வைக்கப் போறேன்.”

குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டுக் கோடுகளும் முழுசாக இருந்தன. “ஒன்றும் உடையவில்லை” என்றேன். அதன் பிறகுதான் அவர் கழற்றினார்.

உள்ளே பேக்கிங் என்ற பெயரில் இருந்தது அட்டை. சிவகாசியில் அச்சகங்களிலும் ஆலைகளிலும் காலடியில் மிதிபடுகிற பெட்டி அட்டை. யாரோ கத்தரித்து, நாலு ஓட்டை போட்டு, எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். எந்த ஊரிலும் மெக்கானிக் கைக்குக் கிடைத்ததைத்தான் வைப்பான். எங்கள் ஊரில் கைக்குக் கிடைப்பது மத்தாப்பூப் பெட்டி. மூன்றாவது வாயருகே அது வெந்து கிழிந்திருந்தது. மறுமுனையில் அச்சு அழியாமல் ஒரு குழந்தையின் ஒரு கண்ணும் பாதிச் சிரிப்பும் தெரிந்தன.

குளித்துவிட்டு வந்த அவர் மனைவி எட்டிப் பார்த்தார். “ஏ, இது எங்க கம்பெனிப் பிள்ளைல்ல! இந்த சீசன்லதான் இந்த லேபிளு வந்துச்சு. நானே ஆயிரம் ஒட்டிருப்பேன்.”

“ஒன் கைவேலைதானா வண்டிய நிப்பாட்டுச்சு?” என்றார் கணவர்.

அன்று பிற்பகல் முழுவதும் நான் வேம்பின் கீழ் உட்கார்ந்திருந்தேன். மேனிபோல்டின் முகத்தை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார். எஃகு ஸ்கேலை அதன் மேல் நிறுத்தி, கீழே வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். கண்ணாடிப் பலகை மேல் உப்புத்தாளை விரித்து, மேடு தெரிந்த இடத்தைத் தேய்த்து மட்டம் செய்தார். சரியான பேக்கிங் தாளை அதன் மேல் வைத்து ஓரமெல்லாம் சின்னச் சுத்தியலால் தட்டத் தட்ட, ஓட்டைகள் தாமே வெட்டிக்கொண்டு விழுந்தன. நடுப் போல்டிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக முறுக்கினார். புது மேனிபோல்டு வாங்கும் விலையில் நூறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. செல்லையா சட்டைப் பையிலிருந்து கொடுத்தார். மூன்று விலைப்புள்ளி இல்லாத வேலைக்கு அரசு கொடுக்காது என்று அவருக்குத் தெரியும்.

புறப்படும்போது மெக்கானிக் அந்த அட்டையை ஒரு பாலித்தீன் பையில் போட்டு, சுவரில் ஆணியில் மாட்டினார். “கேட்டு வந்தா குடுக்கணும்ல” என்றார். திரும்பும் வழியில் கார் பறந்தது. செல்லையா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். “தப்பிச்சேன் சார். நீங்களே கண்ணால பாத்துட்டீக. இனி எனக்கென்ன?”

இனி அவருக்கென்ன என்பதை இரவெல்லாம் நான் கணக்கிட்டேன். அந்த அட்டை கோப்புக்குள் வந்தால், புதுப் பேக்கிங் போட்டதாகச் சொன்ன பட்டியல் பொய். பட்டியல் பொய் என்றால் அதைச் சரிபார்த்த சான்று பொய். சான்றின் கீழே இருப்பது என் கையெழுத்து. ஓய்வுக்கு எனக்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன.

பிறகு நடந்ததற்கு நான் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. சும்மா இருந்தேன். ஒன்றிரண்டு நாள் கழித்து அதே பணிமனையிடம் தொழில்நுட்ப அறிக்கை கேட்கப்பட்டது. ‘இன்ஜினின் வெளிப்புறத்தில் மண்ணெண்ணெய் வாடை காணப்பட்டது, மஞ்சள் குறிகள் சிதைக்கப்பட்டுள்ளன’ என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டும் உண்மை. கார் முன்போல நன்றாக ஓடத் தொடங்கியதும் செல்லையாவுக்கு எதிராகவே போயிற்று. குறிப்பாணை கொடுத்ததும் டீசல் செலவு குறைந்திருக்கிறது. ஆகவே திருட்டு நின்றிருக்கிறது. ஆகவே திருட்டு இருந்திருக்கிறது. தர்க்கத்தில் ஓட்டை இல்லை. எந்த ஊதுபத்தியாலும் அதில் ஓட்டை காட்ட முடியாது.

ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)வின் கீழ் குற்றச்சாட்டு, பிறகு விசாரணை. விசாரணையன்று அந்த மெக்கானிக் வந்திருந்தார். யாரும் அழைக்கவில்லை; செல்லையா சொல்லி வந்திருந்தார். வெள்ளை வேட்டி, துவைத்த சட்டை, கையில் பாலித்தீன் பை. கழுத்தில் குழாய் இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். தாழ்வாரத்து பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். நான் கடக்கும்போது எழுந்தார்.

“சார், எப்பக் கூப்புடுவாக?”

“சாட்சிப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையே. தவிர, நீங்கள் பதிவு பெற்ற பணிமனை இல்லை.”

“நான் பணிமனை இல்ல சார். பாத்த ஆளு.”

“அதற்கு முறை இருக்கிறது.”

“சரி சார். நீங்களும் பாத்தீகள்ல? அது போதும்” என்று சொல்லி உட்கார்ந்தார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். இன்றைக்கும் என்னைத் தொந்தரவு செய்வது அதுதான்.

உள்ளே என்னிடம் விசாரணை அதிகாரி ஒரே கேள்வி கேட்டார். ஆமத்தூரில் அந்தக் கார் கழற்றப்பட்டபோது நீங்கள் கண்டது என்ன? செல்லையா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தெளிவாக, நிறுத்தி நிதானமாக, தட்டச்சர் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளும்படி சொன்னேன்: “வாகனப் பழுது குறித்துக் கருத்துக் கூறும் தொழில்நுட்ப அறிவு எனக்கு இல்லை.”

வாக்குமூலமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத வாக்கியம். அதில் பொய்கூட இல்லை.

சாயங்காலம் வெளியே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. செல்லையாவுக்கு மூன்று ஆண்டு ஊதிய உயர்வு ரத்து, சம்பளத்தில் பிடித்தம், காரியாபட்டிக்கு மாறுதல். அதெல்லாம் ஒரு நாள் முடிந்துவிடும். முடியாதது ஒன்று இருந்தது. அவர் போவதற்கு முன்பே செய்தி காரியாபட்டிக்குப் போய்விட்டிருந்தது. அங்கே அவர் குடியிருந்த வீட்டுக்கு ‘டீசல் வீடு’ என்று பெயராயிற்று. மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் தெருமுனையில் வழி கேட்டிருக்கிறார்கள். “டீசல் வீடா? அந்தா, பச்சைக் கதவு” என்று சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்கள் பச்சைக் கதவுவரை வரவில்லை. இதை எனக்குச் சொன்னது செல்லையா இல்லை. அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசியதில்லை.

ஓய்வு பெற்றதும் நானும் பழைய டீசல் கார் ஒன்று வாங்கினேன். இரண்டாம் வருடம் ஏற்றத்தில் இழுக்கவில்லை, கரும்புகை. பழக்கதோஷம், மூன்று இடங்களில் விலை கேட்டேன். ஒருவர் டர்போ என்றார். ஒருவர் பம்ப் என்றார். மூன்றாமவர் மேனிபோல்டையே மாற்ற வேண்டும் என்றார். மூவரில் ஒருவரும் பானெட்டைத் திறக்கவில்லை. ஓய்வூதியக்காரனுக்குக் கட்டுப்படியாகிற கை ஆமத்தூரில்தான் இருந்தது. ஒரு மாதம் யோசித்தேன். போனேன்.

அவருக்குத் தலை நரைத்திருந்தது. கழுத்தில் குழாய் இருந்தது. “வாங்க சார்” என்றார். “பாத்தீகளா?” என்று கேட்கவில்லை. வண்டியை ஓடவிட்டுக் குழாயைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு நிறுத்தினார். சுவரில் அதே ஆணி, அதே பை. பாலித்தீன் மஞ்சளாகிவிட்டது. உள்ளே அந்த ஒற்றைக் கண் தெரிந்தது.

“அதை இன்னுமா வைத்திருக்கிறீர்கள்?” என்றேன்.

“கேட்டு வந்தா குடுக்கணும்ல.”

அந்தக் கோப்பு முடிந்துவிட்டது. எத்தனை ஆண்டு வைத்திருந்து எப்போது கிழிக்கலாம் என்ற விதியும் எனக்குத் தெரியும். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

“என்ன கோளாறு?” என்று கேட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து என் கையில் கொடுத்தார். “நீங்களே பாருங்க.”

“எனக்கு என்ன தெரியும்…”

“செல்லையா அந்த விசாரணைக் காகிதத்தக் கொண்டாந்து படிச்சுக் காட்டுனான் சார். ஒங்களுக்கு அந்த அறிவு இல்லைன்னு போட்டிருந்துச்சு.” குரலில் கோபம் இல்லை. “சும்மா குனிஞ்சு பாருங்க.”

குனிந்தேன். முதுகு வலித்தது. மேனிபோல்டு இன்ஜினோடு சேரும் விளிம்பில் வெளிச்சத்தை ஓட்டினேன். முதல் வாய், இரண்டாவது வாய்.

“என்ன தெரியுது?”

“இரண்டாவது வாய்க்கு மேல் பக்கம் கரிக்கோடு ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் காற்று கசிந்திருக்கிறது. பேக்கிங் கிழிந்திருக்கும்.”

“அம்புட்டுத்தான் சார்” என்றார். “இதுக்கு என்ன படிப்பு வேணும்?”

நான் நிமிரவில்லை. அந்தக் கரிக்கோட்டின் மேலேயே வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு கையை நீட்டி டார்ச்சை வாங்கி அணைத்தார்.

“போதும் சார். பேட்டரி தீந்துரும்.”